பழைய மேசைக்கணினியின் ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டது: பேஜ்மேக்கர் கோப்புகளையும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் மீட்க வழி உண்டா?

கௌண்டன்யா (குடியாத்தம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் சிறிய அச்சகம் நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், தீப்பெட்டி லேபிள் ஆகியவைதாம் எங்கள் அன்றாட வேலை. இவை அனைத்துக்கும் பக்கம் அமைப்பது ஜி31 மதர்போர்டும் கோர் 2 டியோ பிராசசரும் 2 ஜிபி ராமும் கொண்ட ஒரு பழைய சிஸ்டத்தில்தான். அதில் விண்டோஸ் எக்ஸ்பியும் பேஜ்மேக்கர் 7.0-உம் இருக்கின்றன, இணைய இணைப்பு கொடுக்கவில்லை. நாங்கள் வாங்கியிருக்கும் தமிழ் எழுத்துரு மென்பொருளின் டாங்கிள், பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகும் வகையைச் சேர்ந்தது. இப்போது வரும் கணினிகளில் அந்தப் போர்ட் இல்லை என்பதால்தான் இந்தச் சிஸ்டத்தை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் மின்சாரம் போய் வந்த பிறகு சிஸ்டத்தைப் போட்டபோது, கறுப்புத் திரையில் "டிஸ்க் பூட் ஃபெயிலியர்" என்ற வரி மட்டும் வந்து நின்றது. யூபிஎஸ் பேட்டரி வலுவிழந்து போயிருந்ததால் மின்சாரம் போன கணத்திலேயே சிஸ்டமும் அணைந்திருந்தது. கேபினட்டைத் திறந்து கவனித்தால், ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்குகிறது. பிறகு "டக், டக், டக்" என்று சீரான இடைவெளியில் தட்டுகிறது. சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது. பயாஸில் (சிஸ்டம் தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) அதன் பெயர் சில வேளை தெரிகிறது, சில வேளை தெரிவதில்லை. டிஸ்க் 500 ஜிபி, சாட்டா வகை.

பழைய வேலைகளில் பெரும்பகுதி டிவிடிகளில் இருக்கிறது. வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காக அமைத்த நோட்டீஸ்களும், அதன் பிறகு வந்த முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ்களும் வேறெங்கும் இல்லை. அவற்றைவிடவும் எனக்குக் கவலை தருபவை எழுத்துருக்கள். அவற்றை நிறுவித் தந்த குறுந்தகடு இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

இங்குள்ள சர்வீஸ் கடை ஒன்றில் காட்டியபோது, ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வராததால் டிஸ்கைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். இதை நாமே பார்க்க முடியுமா, அல்லது சென்னைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடிச் சந்திப்பு எழுதியது:

வணக்கம் ஐயா. திரும்ப வாங்கி வந்தது நல்லதாயிற்று. ஃபார்மட் என்பது டிஸ்கில் புதிதாக எழுதும் வேலை. படிக்கவே திணறும் டிஸ்கில் எழுதச் சொன்னால், மிச்சம் இருப்பதும் போகும். முதல் வேலையாக அந்த டிஸ்கின் பவர் கேபிளைக் கழற்றி வையுங்கள். தட்டிக்கொண்டிருக்கும் டிஸ்கை "இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம்" என்று இயக்கும் ஒவ்வொரு தடவையும், உள்ளே சுழலும் தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் ஹெட் மேலும் கெடலாம்.

ஆனால் பழுது டிஸ்கில்தான் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டது சற்று அவசரம் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய சிஸ்டங்களில் டிஸ்க் தட்டுவதற்கு எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) காரணமாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். டிஸ்கின் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுகிறது. அதன் மின்னணுப் பலகையில் பெரும்பகுதி 5 வோல்ட்டை நம்பியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் தூசியிலும் உழைத்த எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர்கள் உப்பிப் போயிருக்கும். அப்போது மோட்டார் வேகமெடுக்கும் நேரத்தில் 12 வோல்ட் தடம் சரிந்துவிடும். வேகம் போதாத டிஸ்க் தன் ஹெட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மறுபடி முயலும். வெளியில் நமக்குக் கேட்பது அதே "டக், டக்" ஓசைதான்.

ஆகவே மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வைத்து, பழைய நான்கு முனைப் பவர் பிளக் ஒன்றில் அளந்து பாருங்கள். மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வரையிலும், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரையிலும் இருக்க வேண்டும். சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதே பயன்படும்; சுமை இல்லாத எஸ்எம்பிஎஸ் நல்ல எண்ணைத்தான் காட்டும். இந்தச் சோதனைக்கு உங்கள் டிஸ்கைப் பலி கொடுக்க வேண்டாம்; தேவைப்படாத வேறு ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

அதோடு சாட்டா டேட்டா கேபிளையும் மாற்றிப் பாருங்கள். பூட்டு இல்லாத பழைய சிவப்புக் கேபிள்கள் நாளடைவில் தளர்ந்துவிடும். பயாஸில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பூட் வரிசை கலைந்து போவதற்கு அதுவே போதும். சில போர்டுகளில் சாட்டா நிலை (மதர்போர்டு டிஸ்கோடு பேசும் முறை) ஐடிஇ-யிலிருந்து ஏஎச்சிஐ-க்கு மாறி நீலத்திரை வரும். ஜி31 போர்டுகளில் பெரும்பாலும் வரும் ஐசிஎச்7 சிப்பில் ஏஎச்சிஐ வசதி கிடையாது என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை இருக்காது.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் டிஸ்க் தட்டினால் ஹெட் பழுது என்றே கொள்ளலாம். அது சென்னைக்குப் போகவேண்டிய டிஸ்க்.

ஆற்காட்டு மக்கன்பேடா எழுதியது:

நண்பருக்கு வணக்கம். இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு டிஸ்க் திறக்காமல் போனது. அதை வேறொரு விண்டோஸ் கணினியில் இரண்டாவது டிஸ்காக மாட்டி, செக்டிஸ்க் கட்டளையை ஆர் தேர்வோடு கொடுத்தோம். இரவு முழுவதும் ஓடி முடிந்தபின் கோப்புகள் எல்லாம் தெரிந்தன. டிஸ்கை நெகிழிப் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சிறிது நேரம் வேலை செய்யும் என்றும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலில் இவற்றைச் செய்து பார்த்துவிட்டுப் பிறகு செலவு செய்யலாமே?

ஜவ்வாது மலையான் எழுதியது:

மேலே சொல்லப்பட்ட இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

செக்டிஸ்க்கின் வேலை கோப்பு அமைப்பை முரண் இல்லாமல் ஆக்குவதுதான். உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது அதன் கடமை அன்று. ஒரு கோப்புறையின் பட்டியல் இருக்கும் செக்டர் (தட்டில் தகவல் எழுதப்படும் சிறு கட்டம்) படிக்க முடியாமல் போனால், அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டு, அதற்குள் இருந்தவற்றைப் பெயரற்ற துண்டுகளாக வேறோர் இடத்தில் குவித்துவிட்டு, "சரிசெய்யப்பட்டது" என்று அறிவிக்கும். இவ்வளவையும் அதே டிஸ்கிலேயே எழுதிச் செய்யும். ஆர் தேர்வைச் சேர்த்தால் டிஸ்கின் ஒவ்வொரு செக்டரையும் முதலிலிருந்து கடைசி வரை படிக்க வைக்கும். ஹெட் தளர்ந்த டிஸ்குக்கு அது கால் முறிந்தவரைக் கோட்டையைச் சுற்றி ஓடவிடுவதைப் போன்றது. ஆற்காட்டு நண்பரின் டிஸ்கில் கெட்டிருந்தது கோப்பு அமைப்பு மட்டுமாக இருந்திருக்கலாம். டிஸ்கின் உடல் நன்றாக இருந்திருக்கலாம். அந்த நிலையில் செக்டிஸ்க் சரியான கருவிதான். தட்டும் டிஸ்கின் கதை வேறு.

ஃப்ரீசர் யோசனையும் கேட்டுச் சலித்த ஒன்று. குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்து வேலூர்க் காற்றில் வைத்தால் தட்டின் மேல் ஈரம் படியும். சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு தூசித் துகளுக்கே இடமில்லாத அந்த இடைவெளியில் நீர்ப்படலத்துக்கு எங்கே இடம்? மூடியைத் திறந்து ஹெட்டைக் கையால் நகர்த்திக் காட்டும் வீடியோக்களையும் இதே காரணத்தால் ஒதுக்கிவிடுங்கள்.

அடியில் உள்ள பச்சைப் பலகையை அதே மாடல் டிஸ்கிலிருந்து கழற்றி மாற்றலாம் என்று யாரேனும் சொல்லக்கூடும். மிகப் பழைய டிஸ்குகளில் அது நடந்தது. உங்கள் டிஸ்கின் காலத்தவற்றில், அந்தந்த டிஸ்கின் ஹெட்டுக்கும் தட்டுக்கும் உரிய அளவீடுகள் பலகையில் உள்ள சிறிய ராம் சிப்பில் அல்லாமல் ரோம் சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிப்பையும் எடுத்துப் புதிய பலகையில் பற்றவைக்காமல் பலகையை மட்டும் மாற்றுவதால் பயன் கிடைக்காது. தவிரவும், உங்கள் டிஸ்க் சுழல்கிறது. பலகை எரிந்த டிஸ்க் பெரும்பாலும் சுழலவே செய்யாது.

காட்பாடி நண்பர் சொன்னபடி எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் பாருங்கள்.

கௌண்டன்யா எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து அளந்தோம். பழைய 80 ஜிபி டிஸ்க் ஒன்றை மாட்டிச் சிஸ்டத்தைப் போட்டபோது, மஞ்சள் கம்பியில் 10.9 வோல்ட்டுக்கு இறங்கி, 11.2-இல் வந்து நின்றது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்த்தால் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பி, ஓரத்தில் பழுப்பு நிறப் பிசின் கசிந்திருந்தது. உள்ளே காகிதத் தூசு பஞ்சாகப் படிந்திருந்தது.

புதிய எஸ்எம்பிஎஸ், புதிய டேட்டா கேபிள் இரண்டையும் போட்ட பிறகு 500 ஜிபி டிஸ்கை ஒரே ஒரு தடவை இயக்கினேன். தட்டும் ஓசை நின்றுவிட்டது. பயாஸில் பெயரும் கொள்ளளவும் சரியாக வருகின்றன. ஆனால் எக்ஸ்பி ஏற்றும் படம் வந்து, கீழே ஓடும் நீலக்கோடு அப்படியே உறைந்துவிடுகிறது. உடனே அணைத்துவிட்டேன். லினக்ஸ் மின்ட் பென்டிரைவ் ஒன்றை உறவினர் மகன் கொண்டு வந்தான். அதில் "டிஸ்க்ஸ்" என்ற செயலியில், டிஸ்க் தன் நலம் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தபோது 5-ஆம் எண்ணில் 112, 197-ஆம் எண்ணில் 340, 199-ஆம் எண்ணில் சுழியம் என்று இருந்தன. இவற்றை எப்படிப் பொருள்கொள்வது?

ஜவ்வாது மலையான் எழுதியது:

இது நல்ல செய்தி. 199 கேபிளில் நேரும் தகவல் பிழையைக் குறிப்பது. சுழியம் என்பதால் கேபிளை மறந்துவிடலாம். 5 என்பது டிஸ்க் தானாகவே ஒதுக்கிவிட்டு மாற்றிடம் கொடுத்த செக்டர்களின் எண்ணிக்கை. 197-தான் இப்போது முக்கியம்: படிக்க முயன்று முடியாமல், என்ன செய்வதென்று தீர்மானிக்கப்படாமல் நிற்கும் செக்டர்கள் அவை. குறை வோல்ட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதால் பாதியில் நின்ற செக்டர்களும் அவற்றில் இருக்கலாம். தட்டில் உண்மையாகவே சேதம் இருக்கலாம். எதுவாயினும் டிஸ்க் இப்போது படிக்கிறது. இந்த வாய்ப்பை எக்ஸ்பியைத் திறக்க முயன்று வீணாக்காமல், முழு டிஸ்கையும் பிரதி எடுக்கப் பயன்படுத்துங்கள். மீட்புப் பணிகள் எல்லாம் அந்தப் பிரதியில்தான் நடக்க வேண்டும்.

இதற்கு உரிய கருவி குனூ டிடிரெஸ்க்யூ. மின்ட் வகை லினக்ஸில் அதன் பொதியின் பெயர் முன்னால் ஒரு ஜி சேர்ந்து ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும். நடுவில் அடிக்கோடு போட்ட பெயருடைய மற்றொரு நிரலும் உண்டு, அது வேறு. சாதாரணப் பிரதிக் கருவிகள் கெட்ட செக்டரில் மோதினால் அங்கேயே மல்லுக்கட்டும். டிடிரெஸ்க்யூ தடங்கல் வந்த இடத்தைத் தாண்டிக் குதித்து, நன்றாகப் படிக்கும் பகுதிகளை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது முடிந்தது, எது மிச்சம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பைப் பென்டிரைவின் தற்காலிக இடத்தில் வைத்துத் தொலைத்துவிடாமல், பிரதி எடுக்கும் டிஸ்கிலேயே வையுங்கள்.

வேண்டியது ஒரு புதிய 1 டிபி டிஸ்க். அதை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை எழுத முடியாது. இரண்டு டிஸ்குகளையும் மதர்போர்டின் சாட்டா போர்ட்டுகளிலேயே நேரடியாக மாட்டுங்கள். யூஎஸ்பி மாற்றி வழியாகப் பழுதான டிஸ்கை மாட்டினால், பிழை வரும்போது அந்த மாற்றியே சில நேரம் உறைந்துவிடும். அதோடு உங்கள் போர்டில் உள்ள யூஎஸ்பி 2.0 நொடிக்கு ஏறக்குறைய 30 எம்பிதான் தள்ளும். 500 ஜிபிக்கு ஐந்து மணி நேரம் ஆகிவிடும்.

கட்டளை கொடுக்கும் முன் நிதானமாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. எது மூலம், எது பிரதி என்பதை டிஸ்கின் மேல் ஒட்டியுள்ள சீரியல் எண்ணோடு "டிஸ்க்ஸ்" செயலி காட்டும் எண்ணை ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்னும் பெயர்கள் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இடம் மாறலாம். மூலமும் பிரதியும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் கோப்புகளின் மேல் எழுதப்பட்டுவிடும். பழைய டிஸ்கின் பார்ட்டிஷன் ஐகானைத் திறந்தும் பார்க்காதீர்கள்.

முதல் சுற்றில், கெட்ட இடங்களைச் சுரண்டிப் படிக்கும் கட்டத்தைத் தவிர்க்கும் தேர்வைக் கொடுங்கள். சிறிய என் எழுத்து அதற்குரியது. அது முடிந்த பிறகே மூன்று முறை மறுமுயற்சி செய்யும் தேர்வோடு இரண்டாம் சுற்று. முதல் சுற்றின் நடுவில் தட்டும் ஓசை திரும்ப வந்தால் நிறுத்திவிட்டு எழுதுங்கள். யூபிஎஸ்ஸுக்குப் புதிய பேட்டரி போடாமல் இதைத் தொடங்க வேண்டாம். டிஸ்கைக் கேபினட்டுக்கு வெளியே மேசையில் கிடத்தி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வையுங்கள். இந்த வகை டிஸ்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் உச்ச வரம்பு 60 டிகிரி. சித்திரை, வைகாசியில் நம் ஊர் அறைகளில் மூடிய கேபினட்டுக்குள் அதற்கு அருகில் போவது பெரிய காரியம் அல்ல.

முள்ளுக்கத்திரி எழுதியது:

இழைக்கு இடையே வருவதற்குப் பொறுத்தருள்க. அணைக்கட்டுப் பக்கம் எங்கள் வீட்டில் பென்டியம் 4 சிஸ்டம் ஒன்று இருக்கிறது. அதன் டிஸ்க் அகலமான சாம்பல் நிறப் பட்டைக் கேபிள் கொண்டது. அதற்கும் இதே முறை பொருந்துமா?

காட்பாடிச் சந்திப்பு எழுதியது:

பொருந்தும். அது ஐடிஇ டிஸ்க். பின்புறம் உள்ள ஜம்பரை மாஸ்டர் நிலையில் வைத்து, கேபிளின் கடைசி முனையில் மாட்டுங்கள். அந்தக் காலத்துப் பயாஸ்கள் பல 137 ஜிபிக்கு மேல் உள்ள டிஸ்கை முழுதாக அறியாது என்பதால், பிரதி எடுக்கும் வேலையைச் சற்றே புதிய கணினியில், ஐடிஇ-சாட்டா மாற்றி கொண்டு செய்வது மேல்.

வாலாஜா எழுத்தர் எழுதியது:

அச்சக நண்பருக்கு வணக்கம். டிஸ்கைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் டிடிபி தொழிலில் இருப்பவன் என்பதால், பிரதியிலிருந்து எவற்றை எடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். பலரும் டி டிரைவில் உள்ள வேலைக் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, "எல்லாம் கிடைத்துவிட்டது" என்று டிஸ்கைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பிறகு கோப்பைத் திறந்தால்தான் தெரியும்.

உங்கள் பேஜ்மேக்கர் கோப்பில் தமிழ் எழுத்து எதுவும் இல்லை. ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுபவை. பாமினியில் அடித்த கோப்பாக இருந்தால், "தமிழ்" என்று நீங்கள் பார்ப்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் மணமகன் பெயர், மணமகள் பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் இப்படித்தான் தெரியும். அதுவும் ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் விருப்பப்படி இடம் ஒதுக்கியதால், ஒரு நிறுவனத்தின் எழுத்துருவை வைத்து மற்றொன்றின் கோப்பைப் படிக்க முடியாது. 1999-இல் தமிழ்நாடு அரசு தாம், தாப் குறியீடுகளைத் தரமாக அறிவித்த பிறகும் அச்சகங்கள் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தன என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான்.

எனவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுவதுமாக எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிக்குள் இருந்து பார்க்கும்போது அது தனி வகையாகத் தெரியும். லினக்ஸிலிருந்து பார்த்தால் சாதாரணக் கோப்புறைதான். சி டிரைவின் தொடக்கத்தில் பிஎஸ்ஃபான்ட்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கிறதா என்றும் பாருங்கள். அடோபி டைப் மேனேஜர் போட்ட கணினிகளில் போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்கள் அங்கே இருக்கும். பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று இரண்டிரண்டு கோப்புகளாக வருபவை அவை. ஒன்றை விட்டு ஒன்றை எடுத்தால் பயனில்லை. விசைப்பலகை மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும். அதைக் கோப்புறையாக நகலெடுத்து வைத்தால் மட்டும் ஓடாது. ஆனால் எந்தப் பதிப்பு என்பதை அறிந்து விற்றவரிடம் கேட்பதற்கு அது உதவும்.

பேஜ்மேக்கரின் சமாச்சாரம் தனி. 2001-இல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் அந்தக் கோப்புகளைத் திறந்தன; பின்னர் வந்தவை திறப்பதில்லை. லிப்ரே ஆபீஸின் டிரா ஓரளவு திறக்கும், ஆனால் அழைப்பிதழின் ஓர அலங்காரமும் வரி இடைவெளியும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. சிஸ்டம் மீண்டும் ஓடத் தொடங்கியதும், அடிக்கடி வரும் வேலைகளை எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப்பாக மாற்றி வையுங்கள். அதிலும் உள்ளிருக்கும் எழுத்து பழைய குறியீடுதான் என்றாலும், எந்தக் கணினியிலும் பார்க்கவும் அச்சிடவும் முடியும்.

கௌண்டன்யா எழுதியது:

பிரதி எடுத்தாகிவிட்டது. முதல் சுற்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது. இரண்டாம் சுற்று விடிய விடிய ஓடியது. கடைசியில் படிக்க முடியாமல் நின்றது ஒரு எம்பிக்கும் குறைவு. பிரதியாகக் கிடைத்த படக்கோப்பை (டிஸ்க் இமேஜ்) படிப்பதற்கு மட்டும் திறந்து பார்த்ததில் திருவிழா நோட்டீஸ்களும் அழைப்பிதழ்களும் இருக்கின்றன. ஃபான்ட்ஸ் கோப்புறை முழுவதும் வந்தது. வாலாஜா நண்பர் சொன்ன பிஎஸ்ஃபான்ட்ஸ் கோப்புறையும் இருந்தது, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அந்தச் சிறு இழப்பு எந்தக் கோப்புகளில் விழுந்தது என்று அறிய வழி உண்டா? இந்தப் படத்தைப் புதிய டிஸ்கில் எழுதினால் எக்ஸ்பி, டாங்கிள் எல்லாம் பழையபடி ஓடுமா? சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போடலாமா?

ஜவ்வாது மலையான் எழுதியது:

மகிழ்ச்சி. அறிய வழி உண்டு. படக்கோப்பை இன்னொரு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறையைப் பயன்படுத்துங்கள். வரைபடக் கோப்பில் கெட்டவை என்று குறிக்கப்பட்ட இடங்களில் நாம் கொடுக்கும் ஒரு குறிச்சொல்லை அது நிரப்பும். வேறெங்கும் வராத சொல்லாகக் கொடுத்துவிட்டு, அந்தச் சொல் எந்தெந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது என்று தேடினால் சேதமானவற்றின் பட்டியல் கிடைத்துவிடும். எக்ஸ்பி உறைந்தது என்பதால் சிஸ்டம் கோப்புகளில் சில அந்தப் பட்டியலில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அவற்றை எக்ஸ்பி குறுந்தகட்டின் ரிப்பேர் நிறுவல் மூலம் மாற்றலாம். செக்டிஸ்க்கை ஓட்ட வேண்டிய நேரமும் இதுதான்: படத்தை நல்ல டிஸ்கில் எழுதிய பிறகு, அந்த நல்ல டிஸ்கின் மேல்.

காட்பாடிச் சந்திப்பு எழுதியது:

எஸ்எஸ்டி பற்றி நான் சொல்கிறேன். சாட்டா எஸ்எஸ்டி உங்கள் போர்டில் வேலை செய்யும். போர்ட் நொடிக்கு 3 ஜிகாபிட் வகை என்பதால் முழு வேகம் கிடைக்காது, ஆனாலும் பழைய டிஸ்கைவிட வித்தியாசம் நன்றாகவே தெரியும். வாங்கும்போது 480 ஜிபி என்று போட்டிருப்பதை வாங்கிவிடாதீர்கள். உங்கள் படக்கோப்பு 500 ஜிபி டிஸ்கின் கடைசிச் செக்டர் வரை எடுத்தது. அது 480-இல் அடங்காது. 512 ஜிபி வாங்கினால் படமும் அடங்கும், கடைசியில் சிறிது இடம் எழுதப்படாமலும் மிஞ்சும். எக்ஸ்பிக்கு டிரிம் கட்டளை (அழித்த கோப்புகளின் இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) தெரியாது என்பதால் அந்த மிச்ச இடம் எஸ்எஸ்டிக்கு உதவியாக இருக்கும். அதில் பார்ட்டிஷன் போடாமல் விட்டுவிடுங்கள்.

எக்ஸ்பியில் இன்னொரு பழைய பழக்கம் உண்டு. முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டரில் தொடங்கும். இன்றைய டிஸ்குகள் உள்ளுக்குள் 4096 பைட் அளவில் எழுதுவதால், ஒவ்வொரு எழுத்தும் இரண்டு கட்டங்களில் கால் வைத்து நிற்கும், வேகம் குறையும். ஜிபார்ட்டட் என்ற லினக்ஸ் செயலி கொண்டு பார்ட்டிஷனை 1 எம்பி எல்லைக்கு நகர்த்தலாம். படக்கோப்பு பத்திரமாக இருக்கும் வரை அதைச் செய்து பார்ப்பதில் ஆபத்து இல்லை. முதலில் நகர்த்தாமலே பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

டாங்கிளுக்கு டிஸ்க் மாறியது தெரியவே தெரியாது. டாங்கிளோடு சேர்த்து டிஸ்கையும் சரிபார்க்கும் மென்பொருள்கள் சில, பார்ட்டிஷனின் வால்யூம் சீரியல் எண்ணைப் பார்ப்பவை. முழுப் பிரதியில் அந்த எண்ணும் மாறாமல் வந்துவிடும். டிஸ்கின் தயாரிப்புச் சீரியல் எண்ணைப் பார்ப்பவையாக இருந்தால் மட்டும் விற்றவரைக் கேட்க வேண்டியிருக்கும்.

கேபினட்டைக் கட்டிங் மெஷின் இருக்கும் மேசையிலிருந்து நகர்த்திவிடுங்கள். அந்த மேசையில்தான் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த அச்சகங்கள் பெரும்பாலானவற்றில் அப்படித்தான். எஸ்எஸ்டிக்கு அதிர்வு ஒரு பொருட்டல்ல. ஆனால் பிரதி வைத்திருக்கும் 1 டிபி டிஸ்கை அதே கேபினட்டில் மாட்டி ஓட்டுவீர்களானால் அதற்குப் பொருட்டு. மாட்டாமல், ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டு வீட்டில் வைப்பது இன்னும் நல்லது. எஸ்எஸ்டி பழுதானால் தட்டி முன்னறிவிப்புக் கொடுக்காது. காலையில் பயாஸில் இருக்கும், மாலையில் இருக்காது. பழைய 500 ஜிபி டிஸ்கின் மேல் "197: 340" என்றும் தேதியையும் எழுதி ஒட்டி, எல்லா வேலைகளையும் ஒரு முறை திறந்து பார்க்கும் வரை அலமாரியில் வையுங்கள். பிறகு பழைய இரும்புக்குப் போடுவதானால், வாடிக்கையாளர்களின் விவரங்கள் அதில் இருப்பதால், தட்டின் வழியாக டிரில் போட்டுவிட்டுப் போடுங்கள்.